மனுக் கொடுப்பவனும் மனு வாங்குபவனும்

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்தவர்கள், அதன் கீழ்ப்பக்கத்தில் ஒரு பூனை நிற்பதையும் பார்த்திருப்பார்கள். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டு அது தவம் செய்கின்றது. சுற்றிலும் எலிகள். அந்தச் சிற்பம் அர்ஜுனன் தபசா, பகீரதன் தபசா என்று பண்டிதர்கள் சண்டையிட்டுக் கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அந்தப் பூனைதான். எலிகள் தங்கள் குறையைப் பூனையிடமே எழுதிக் கொடுப்பதற்குத்தான் நம் நாட்டில் குறைதீர்ப்பு என்று பெயர்.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். கிராமத்துக்கே வந்து மனு வாங்கும் நாளுக்கு "மனுநீதி நாள்" என்றே பெயர். சோழ ராஜாவின் பெயரால் வைத்தது என்பார்கள். யார் பெயரால் வைத்தாலென்ன, மனுவின் நீதி எப்படிப்பட்டது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா? நிற்க, கலெக்டரிடம் கொடுத்த மனு தாசில்தாருக்குப் போகின்றது. அங்கிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு. கடைசியில் கிராம அதிகாரிக்கு. யார் மேல் புகாரோ அவர் கையாலேயே பதில் எழுதப்பட்டு அந்தக் காகிதம் திரும்பி வருகின்றது!

இது வெறும் கேலிப் பேச்சல்ல. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர் துரை, இந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டைச் சர்க்காருக்கு எழுதினார். அதன் பேரில் 1892இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். பத்து வருஷத்திற்கு விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் அந்த நிலங்கள் ஏராளமாய்ப் பிறர் கைக்குப் போயின. எப்படிப் போயிருக்கும்? நிபந்தனையைக் காக்க வேண்டியது ரெவின்யூ இலாகா. பட்டா மாற்றிக் கொடுப்பதும் ரெவின்யூ இலாகா. "ஐயா, என் நிலம் போயிற்று" என்று ஒருவன் அழுதால் அவன் மனுவை வாங்குவதும் அதே ரெவின்யூ இலாகா!

மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்க மக்கள் கிளம்பினார்கள். அங்கே வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் மாண்டார்கள். முதல் சுயமரியாதை மகாநாடு 1929இல் கூடிய அதே செங்கல்பட்டில்தான் இது நடந்தது.

சுவீடன் தேசத்தில் 1809லேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே "ஒம்புட்ஸ்மன்" என்னும் குறைகேள் அதிகாரியை மந்திரி நியமிப்பதில்லை, பார்லிமெண்டே தேர்ந்தெடுக்கின்றது. மனு வரட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. ஆபீசுக்கும் ஜெயிலுக்கும் தாமே போய்ப் பார்க்கலாம். தவறு செய்த உத்தியோகஸ்தர் மேல் வழக்கும் தொடரலாம்.

நம்மவர்கள் அதைக் கொண்டு வரும்போதே முதலில் பெயரை வடமொழியாக்கினார்கள். லோக்பாலாம், லோக்ஆயுக்தாவாம்! எட்டுத் திக்கையும் காக்கும் லோகபாலர்கள் புராணத்தில் எதைக் காத்தார்களோ தெரியாது. 1968இல் வந்த மசோதா சட்டமாக 2013 வரை ஆயிற்று. தமிழ்நாட்டில் சுப்ரீம் கோர்ட்டு கேட்ட பிறகே 2018இல் சட்டம் வந்தது; 2019இல் ஆளைப் போட்டார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்குத் தலைவர் முதல் மந்திரி. முதல் மந்திரி மேலும் புகார் கொடுக்கலாம் என்பதும் அதே சட்டந்தான்! அதுவும் லஞ்சப் புகாருக்காக ஏற்பட்டது. லஞ்சம் வாங்காமலே பத்து வருஷம் ஒரு காகிதத்தைத் தூங்க வைக்கும் உத்தியோகஸ்தரை என்ன செய்வது?

"ஏற்கெனவே கோர்ட்டு இருக்கின்றதே" என்பார் சிலர். இருக்கின்றது. வக்கீலுக்குப் பணம் யார் கொடுப்பது?

ஆகவே, இலாகாவுக்கு வெளியே, சட்டசபைக்கு மட்டும் பதில் சொல்லுகிற, தாலுகா ஆபீஸ் கணக்கைத் தாமே எடுத்துப் பார்க்க அதிகாரமுள்ள ஓர் ஆளைத்தான் நாம் கேட்கின்றோம். பிச்சையாகவல்ல, வரி கொடுப்பவர்களாகவே கேட்கின்றோம். அப்படி ஒருவர் வந்தால், அவர் முதலில் பிரிக்க வேண்டியது காரணையின் நிலக் கணக்கை.