காசு கட்டினால் புத்தகம் வரும், வாசகர் வருவாரா? புது எழுத்தாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி. அதற்கு மூன்று மாதம் முன்பே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். உங்கள் கவிதைகளைப் புத்தகமாக்குகிறோம், ஒரே மாதத்தில் நீங்களும் எழுத்தாளர், காட்சி அரங்கில் உங்கள் நூல் இருக்கும் என்கிற ரீதியில் பேக்கேஜ் விலையோடு வரும்.

இதைப் பார்த்து விரல் நிற்பது யாருக்கு? ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் முடித்து படப்பையில் அறைக்குத் திரும்புகிறவர்கள், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள். போனின் நோட்ஸ் பக்கத்தில் ஐம்பது கவிதை, பாதி எழுதிய நாவல் வைத்திருப்பவர்கள். பேக்கேஜ் கட்டணம் இவர்களில் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். கட்டலாமா, வேண்டாமா?

பதில் சொல்வதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அச்சிடுவது வேறு, பதிப்பிப்பது வேறு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அச்சிடுவது ஒரு சேவை. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு 50 பிரதி, 100 பிரதி என்றுகூட போட முடிகிறது. முன்பெல்லாம் தமிழ்ப் பதிப்புலகில் முதல் பதிப்பு என்றால் 1,200 பிரதி என்பது வழக்கமான கணக்கு. அந்த முதலீட்டைப் போடப் பதிப்பாளர் பயந்தார். அதனால் புது ஆளுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. இன்று அந்தக் கதவே கிட்டத்தட்ட இல்லை.

பதிப்பிப்பது அப்படியல்ல. ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் படித்து, 'இது விற்கும்' அல்லது 'இது வர வேண்டிய எழுத்து' என்று நம்பி, தன் காசைப் போடுகிறார். பிழை திருத்துகிறார், அட்டை போடுகிறார், கடைக்கு அனுப்புகிறார், விற்றதற்கு எழுதியவருக்கு ராயல்டி தருகிறார்.

அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? வாசகரிடமிருந்து பதிப்பாளருக்கும், அங்கிருந்து எழுத்தாளருக்கும் வந்தால் அது பதிப்பு. எழுத்தாளரிடமிருந்தே போனால் அது அச்சு வேலை. அச்சு வேலையில் தப்பே இல்லை. ஆனால் அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். 'எழுத்தாளர்' என்ற பட்டத்துக்கு விலை கொடுக்கக் கூடாது.

சொந்தக் காசில் போட்டால் கௌரவக் குறைச்சலா?

நிச்சயமாக இல்லை. தமிழில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

படப்பை இன்று இருப்பது குன்றத்தூர் தாலுகாவில். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அதே குன்றத்தூர். அவர் சோழ அரசின் அமைச்சர். அரசனே ஆதரவாக நின்றதால் சிதம்பரத்தில் அரங்கேற்றம் நடந்தது என்பது மரபு. அந்த அதிர்ஷ்டம் பின்னால் வந்த எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

பாரதியின் தேசியப் பாடல்கள் சிலவற்றைத் தன் செலவில் அச்சிட்டு இலவசமாக விநியோகித்தவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் இருவரும் எதிரெதிர் முகாம். பின்னர் 1920இல் பாரதி தன் படைப்புகளை 40 புத்தகங்களாகக் கொண்டுவரத் திட்டமிட்டு, கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். கைகூடவில்லை. அடுத்த ஆண்டே மறைந்தார்.

சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகைதான் தமிழ்ப் புதுக்கவிதைக்குக் களம் அமைத்தது. புத்தகங்களைத் தானே போட்டு, தானே சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' நாவலையும் தானே வெளியிட்டார். 1998இல் அவர் இறந்த பிறகு, 2001ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது.

செல்லப்பா கதையில் கவனிக்க வேண்டியது விருது அல்ல, சுமை. புத்தகம் போட்டதோடு அவர் வேலை முடியவில்லை. வாசகரைத் தேடிப் போனார். பேக்கேஜ் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் பகுதி இதுதான்.

சரி, கணக்கு எப்படி?

ஒரு உதாரணம். புத்தக விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பதிப்பகம் தன் செலவில் போட்டு, 10 சதவீத ராயல்டி தந்து, 300 பிரதி விற்றால் எழுத்தாளர் கைக்கு 6,000 ரூபாய் வரும். பெரிய காசு இல்லை. ஆனால் கையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை.

40,000 ரூபாய் பேக்கேஜ் கட்டி 100 பிரதி வாங்கினால்? நூறையும் முழு விலைக்கு விற்றாலும் 20,000 ரூபாய்தான். முழுசாக விற்றுத் தீர்த்தும் பாதிப் பணம் நஷ்டம்.

எழுத்தாளரே அச்சகத்தில் பிரதிக்கு 90 ரூபாய் வீதம் 100 பிரதி போட்டால் செலவு 9,000 ரூபாய். லேஅவுட், பிழை திருத்தம், அட்டைக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். கடை வழியாக விற்றால் 35 சதவீதக் கழிவு போக பிரதிக்கு 130 ரூபாய் தேறும்; நூறும் விற்றால் 13,000 ரூபாய். தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இவை மாதிரி எண்கள்தான். பக்கம், தாள், அச்சகம் பொறுத்து மாறும். ஆனாலும் பேக்கேஜ் கட்டும் முன் இதே கணக்கை அவரவர் எண்களோடு ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. 'மார்க்கெட்டிங்' என்று எழுதியிருக்கும் வரியில் சரியாக என்ன செய்வார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆன்லைன் தளத்தில் பட்டியலிடுவது விற்பனை ஆகாது. காட்சி அரங்கில் ஒரு பிரதி வைப்பதும் அப்படித்தான்.

காசு கட்டாமல் என்னென்ன வழி?

*பத்திரிகைகள்.* அச்சு இதழ்கள் குறைந்துவிட்டன. கல்கி வார இதழ்கூட 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. ஆனாலும் ஆனந்த விகடன், கணையாழி, காலச்சுவடு, உயிர்மை போன்றவை இருக்கின்றன. இணையத்தில் திண்ணை, சொல்வனம், வாசகசாலை, மலேசியாவிலிருந்து வல்லினம் என்று பட்டியல் நீளும். இதழ்களில் வரும் சிறுகதைகளிலிருந்து மாதம் ஒன்றைச் சிறந்ததாகத் தேர்ந்தெடுக்கும் 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு 1970இல் தொடங்கியது.

இதழில் வருவதன் பலன் சன்மானம் மட்டுமில்லை. முகம் தெரியாத ஒருவர் படித்து 'சரி' என்று சொல்வதே முதல் எடிட்டிங். சல்மாவின் கதை தெரிந்ததுதான். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் ஒளித்து எழுதிய கவிதைகள், புனைபெயரில் இதழ்களில் வந்த பிறகுதான் 2000இல் தொகுப்பாயின. வீட்டுக்கோ ஆபீஸுக்கோ தெரியக் கூடாது என்று தயங்குபவர்களுக்குப் புனைபெயர் இன்றும் செல்லுபடியாகும் வழி.

ஒரு எச்சரிக்கை: பல இதழ்களும் போட்டிகளும் 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்று கேட்கும். ஃபேஸ்புக்கில் முழுக் கதையையும் போட்டுவிட்டால் அதுவும் வெளியானதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். நல்ல கதையை முதலில் இதழுக்கு அனுப்பிவிட்டு, பிறகு டைம்லைனுக்குக் கொண்டுவருவதே சரியான வரிசை.

*வாசிப்புச் செயலிகள்.* 2014இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபியில் தமிழில் யாரும் எழுதலாம். தொடர்கதைக்கு உடனுக்குடன் வாசகர் கருத்து கிடைக்கும். ஆடியோ, காமிக்ஸ் என்று அந்த நிறுவனம் விரிந்திருப்பதால், எந்த உரிமையை எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று விதிமுறையைப் படித்துவிட்டு ஓகே அழுத்துவது நல்லது.

*கிண்டில்.* அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழைச் சேர்த்தது. செங்கல்பட்டு ரூட்டில் தினமும் போகிறவர்களுக்குப் பழக்கமான பெயரிலேயே ஒரு வெற்றி உண்டு: 2018ஆம் ஆண்டு 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழ் நாவலுக்கான பரிசு சென் பாலனின் 'பரங்கிமலை இரயில் நிலையம்' நாவலுக்குப் போனது.

கிண்டிலில் பதிவேற்றக் கட்டணம் இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் தொடராக ஓடிக்கொண்டிருக்கும் நாவலை இங்கே ஏற்றினால் சிக்கல் வருவது இதனால்தான்.

*இலவச மின்னூல்.* வருமானம் வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்குக் கணியம் அறக்கட்டளையின் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளம் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூலாக்கி வெளியிடுகிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

எழுதி முடித்த நொடியிலேயே காப்புரிமை எழுதியவருக்குத்தான். பதிவு செய்வது கட்டாயமில்லை. விருப்பப்பட்டால் 500 ரூபாய் கட்டிப் பதியலாம். எழுதியவர் காலம் முழுக்கவும், அவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை நீடிக்கும்.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு ராயல்டி என்பதைக் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாத வரை, அது காலாவதியாகிவிடும்.

எனவே 'அனைத்து உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் அங்கே நிறுத்திப் பேச வேண்டும். சினிமா, வெப் சீரிஸ், ஆடியோ, மொழிபெயர்ப்பு உரிமைகள் தனித்தனி. புத்தகம் போடுபவருக்கு அவை எல்லாம் சேர்ந்தே போக வேண்டும் என்ற சட்டம் இல்லை.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் காசா?

பேக்கேஜ் பட்டியலில் இதுவும் ஒரு கவர்ச்சி. இந்தியாவில் இந்த எண்ணை வழங்குவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் கிடையாது; எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். எண் கிடைப்பது தரச் சான்றிதழ் அல்ல, புத்தகத்துக்கான அடையாள எண் மட்டுமே.

புத்தகம் வந்ததும் ஒரு கடமை உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு வெளியிட்டவர் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிட்டால் அந்தப் பொறுப்பு எழுத்தாளருடையது. கன்னிமாராவில் ஒரு பிரதி இருப்பது சின்ன விஷயமில்லை.

அரசு உதவி கிடைக்குமா?

தமிழ் வளர்ச்சித் துறையில் நூல் வெளியிட நிதியுதவித் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களுக்குத் தனித் திட்டமும் உண்டு. அறிவிப்பு வரும் காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் நூலகக் கொள்முதல். சொத்து வரியோடு மக்கள் கட்டும் நூலக வரியிலிருந்துதான் பொது நூலகங்கள் நடக்கின்றன. மாநிலத்தில் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருப்பதால், நூலக ஆணை கிடைத்தால் ஒரு புத்தகத்தின் தலையெழுத்தே மாறும். 2024இல் கொண்டுவந்த புதிய கொள்முதல் கொள்கைப்படி இதற்கான விண்ணப்பம் இணையத்துக்கு மாறியிருக்கிறது. 'நூலக ஆணை வாங்கித் தருகிறோம்' என்று யாராவது பேக்கேஜில் உத்தரவாதம் கொடுத்தால் சந்தேகப்படலாம். அந்த முடிவு அவர்கள் கையில் இல்லை.

அச்சாகி வந்த பிறகு?

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துத் தபாலில் அனுப்புவதுதான் பல புது எழுத்தாளர்களின் நிஜமான கடை. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது அவர்களுக்குப் பெரிய அடி விழுந்தது. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி, 5 கிலோவுக்கு 100 ரூபாய். 200 ரூபாய் புத்தகத்துக்குக் கூரியருக்கே பாதியைக் கொடுக்காமல் தப்பிக்க இது உதவும்.

1977இல் தொடங்கிய சென்னை புத்தகக் காட்சிக்குப் படப்பையிலிருந்து போவது ஒன்றும் கஷ்டமில்லை. பஸ்ஸில் தாம்பரம், ரயிலில் சைதாப்பேட்டை, அங்கிருந்து நந்தனம் பக்கம்தான். இந்த ஜனவரியில் புத்தகத்தோடு போக முடியாவிட்டாலும் வாசகராகப் போகலாம். தான் எழுதுவது மாதிரியான புத்தகங்களை யார் போடுகிறார்கள், எழுத்து, தாள், அட்டை எப்படி இருக்கிறது, அரங்கில் நிற்பவருக்குத் தான் விற்கும் நூல் தெரிந்திருக்கிறதா என்று பார்த்து, நாலைந்து பதிப்பகப் பெயரைக் குறித்துக்கொண்டு வரலாம்.

பேக்கேஜுக்குக் கடைசித் தேதி உண்டு. கையெழுத்துப் பிரதிக்கு இல்லை. மூன்று கதை இதழில் வந்து, முன்பின் தெரியாத பத்துப் பேர் படித்துக் கருத்துச் சொன்ன பிறகு புத்தகம் போட்டால், வாங்கப்போகும் ஆள் யார் என்றாவது தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் போட்டால், பெரும்பாலும் அந்த நூறு பிரதியும் கட்டிலுக்கு அடியில்தான்.