சுமப்பதா, நடக்க வைப்பதா?

எருசலேம் ஆலயத்தின் அழகு வாயிலருகே, பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவரை நாள்தோறும் சுமந்து வந்து இருத்துவார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. சுமந்தவர்கள் நல்லவர்களே. ஆயினும் அவர்கள் செய்தது அவரைப் பிச்சை எடுக்கும் இடத்தில் சேர்த்தது மட்டுமே. எமது சமூகப் பணிகளும் பல வேளைகளில் இவ்வாறே அமைந்து விடுகின்றன.

பிறவி இடுப்பு மூட்டு விலகல் இதற்கு நல்ல உதாரணம். சில குழந்தைகளுக்குத் தொடையெலும்பின் தலை, இடுப்பெலும்பின் குழியில் சரியாகப் பொருந்துவதில்லை. பெண் குழந்தைகள், தலைப்பிள்ளைகள், கருப்பையில் தலை கீழே திரும்பாதிருந்தோர் ஆகியோரிடையே இது அதிகம். குழந்தைக்கு வலி இருப்பதில்லை. எனவே, நடக்கத் தொடங்கி நொண்டும்போதுதான் பெற்றோர் திடுக்கிடுகின்றனர்.

1937இல் இத்தாலிய வைத்தியர் ஒர்த்தொலானி, சிசுவின் முழங்கால்களை மடித்துத் தொடைகளை மெதுவாக விரித்தால், விலகிய எலும்பு குழிக்குள் திரும்புவதைக் கையாலேயே உணரலாம் எனக் காட்டினார். 1962இல் இங்கிலாந்தின் பார்லோ, நழுவக்கூடிய மூட்டைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில், அதே வடமேற்கு இங்கிலாந்தில், சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நெடுநாள் உழைக்கும் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். தேய்ந்த மூட்டோடு முடங்கிய எத்தனையோ பேரை அது எழுந்து நடக்கச் செய்தது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் முதல் மாதங்களில் கண்டுபிடித்தால், பெரும்பாலும் பாவ்லிக் பட்டியே போதும். நடக்கத் தொடங்கிய பின்னரோ, பெரும்பாலும் எலும்பை வெட்டித் திருத்தும் பெரிய சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும்.

யப்பானின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கு சிசுக்களின் கால்களை நீட்டித் துணியால் சுற்றும் வழக்கம் இருந்தது. 1975இல் அதைக் கைவிடும்படி நாடளாவிய பிரசாரம் நடந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலாக இருந்த மூட்டு விலகல், ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது. இதைச் சாதித்தது கத்தியன்று, பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் எட்டிய அறிவு.

ஆகவே, சத்திரசிகிச்சைக் கல்வி சத்திரசிகிச்சைக் கூடத்தோடு முடிந்துவிடலாகாது என்பதே எமது கருத்து. ஒரு நிபுணரைப் பயிற்றுவிக்கப் பல ஆண்டுகள் செல்லும். சிசுவின் மூட்டைப் பரிசோதிக்கும் கைப்பழக்கத்தை மருத்துவ மாதுக்கும் கற்பிக்கலாம். கைக்குத் தப்புபவையும் உண்டு. அதனால் ஆபத்து கூடிய குழந்தைகளுக்கு, 1980இல் ஒஸ்திரிய வைத்தியர் கிராப் அறிமுகப்படுத்திய ஸ்கேன் பரிசோதனையும் அவசியம்.

எமது மாதர் சங்கங்கள் இன்றே தொடங்கலாம். குழந்தையைத் துணியில் சுற்றும்போது, கால்கள் மடிந்து விரிய இடம் விடுங்கள். கால்களை அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்கும் எமது அன்னையரின் வழக்கம் மூட்டுக்கு உகந்தது, அதைக் கைவிடாதீர்கள். ஒரு தொடை மற்றதைப்போல விரியவில்லையா? ஒரு கால் கட்டையாகத் தெரிகிறதா? மருத்துவ மாது வரும்போது தயங்காமல் கேளுங்கள்.

வாயிலருகே இருந்தவரைப் பேதுரு சுமக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். உரிய காலத்தில் நீளும் கையே அபிவிருத்தி.