எடை மெதுவாகத்தான் இறங்குதா? மனசை விட்டுடாதீங்க

வாரத்துக்கு நாலைந்து பேராவது இன்பாக்ஸில் கேட்கும் கேள்வி இது.

"டாக்டர், ரெண்டு மாசமா சீனி தொடல. சோறைப் பாதியாக்கிட்டேன். தினமும் நடக்கிறேன். முதல் மாசம் மூணு கிலோ குறைஞ்சுது. இப்போ மூணு வாரமா மிஷின் அப்படியே நிக்குது. என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்து வராதா? விட்டுடலாமா?"

விட்டுடாதீங்க நண்பர்களே.

ஏன் அப்படிச் சொல்றேன்னு விளக்கறதுக்கு முன்னாடி, நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி எங்க சர்க்கரை - பிரஷர் ஓபிக்கு ஒரு அக்கா வந்தாங்க. வயது 46. வீட்டு வாசல்லயே இட்லிக் கடை. எடை 84 கிலோ, உயரம் 154 செ.மீ. மூன்று மாத சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சி 9.4. பிரஷர் 152/96.

மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாடு எப்படி, நடை எப்படின்னு சொல்லி அனுப்பினேன். அக்கா சொன்னதை அப்படியே கேட்டாங்க.

முதல் மாசம் 81 கிலோ.
இரண்டாம் மாசம் 80.2.
மூன்றாம் மாசம் 80.4.

அன்னைக்கு ஓபியில் வாசல் வரைக்கும் கூட்டம். சிஸ்டர் நோட்டில் எழுதியிருந்த எடையை மட்டும் பார்த்துட்டு, "என்னம்மா, இறங்கவே இல்லையே? வாயைக் கட்டலையா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். பக்கத்தில் நின்னவங்களும் சிரிச்சாங்க. அக்கா ஒண்ணும் பேசாம மாத்திரைச் சீட்டை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் ஏழு மாசம் அவங்க வரவே இல்லை. நானும் கவனிக்கல.

ஏழு மாசம் கழிச்சு அவங்க மகன் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். வலது காலில் இரண்டாவது விரல் கறுத்திருந்தது. சர்க்கரை 412.

எடை எவ்வளவு தெரியுமா? 75 கிலோ.

ஆமாம், நான் எதிர்பார்த்த அளவுக்கு எடை குறைஞ்சிருந்தது. மாத்திரையை நிறுத்தியதால் சர்க்கரை எகிறி, அது சிறுநீரில் கொட்டி, உடம்பு தன் சதையையும் கொழுப்பையும் கரைத்துச் செலவழித்துக்கொண்டிருந்தது. கடைக்கு வந்தவங்க எல்லாம் "அக்கா நல்லா இளைச்சுட்டீங்களே"ன்னு பாராட்டி இருக்காங்க.

விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

வார்டில் ஒரு நாள் "ஏம்மா மாத்திரையை விட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சேன். கடையில மீந்த இட்லியைக்கூட வாயில வைக்கல. நீங்களே நம்பலையே. இவ்வளவு இருந்தும் ஒண்ணும் ஆகலைன்னா மாத்திரை மட்டும் என்ன செஞ்சிடப் போகுதுன்னு எல்லாத்தையும் விட்டுட்டேன்."

அன்னைக்குத்தான் அந்தப் பழைய நோட்டை முழுசாப் புரட்டினேன். மூன்றாம் மாதம், நான் கிண்டலடிச்ச அதே நாளில், அதே பக்கத்தில் எழுதியிருந்தது: ஹெச்பிஏ1சி 7.6. பிரஷர் 134/84.

ஜெயிச்சுக்கிட்டிருந்த ஒருத்தரைப் பார்த்து "தோத்துட்டீங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

அதனால்தான் இந்தப் பதிவு. எடை மிஷினைப் பார்த்து மனசை விடும் ஒவ்வொருவருக்கும், அந்த அக்காவுக்கு நான் சொல்லத் தவறியதைச் சொல்றேன்.

*

முதல் மாசம் ஏன் வேகமாக் குறையுது?

நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சீனியைக் குறைத்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். கூடவே தண்ணீரும் போகும். ஆக, முதல் வாரத்தில் "குறைந்த" ஒன்றரை, இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்.

கொழுப்பு அப்படிக் கரையாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி இருக்கு. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலே ஒரு கிலோ கரைய 15 நாள் ஆகும். 250 கலோரிதான் குறைக்க முடியுதுன்னா ஒரு மாசம்.

அப்போ மாசம் ஒரு கிலோ என்பது தோல்வி இல்லை. கணக்கு அப்படித்தான் வரும். "பத்தே நாளில் பத்து கிலோ" விளம்பரம்தான் நம்ம எதிர்பார்ப்பைக் கெடுத்து வச்சிருக்கு.

இதே கணக்கைத் திருப்பியும் போடுங்க. கல்யாண வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறிடுச்சுன்னு அழறீங்க. ஒன்றரை கிலோ கொழுப்பு ஏறணும்னா 11,000 கலோரிக்கு மேல் கூடுதலாச் சாப்பிட்டிருக்கணும். ரெண்டு பாயாசம் வாங்கினாலும் எந்தப் பந்தியிலும் அது முடியாது. ஏறினது சோறும் உப்பும் பிடித்து வைத்த தண்ணீர். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் இறங்கிடும். அந்த ஒரு நாளுக்காக எல்லாத்தையும் கைவிடாதீங்க.

*

போகப் போக ஏன் இன்னும் மெதுவாகுது?

84 கிலோ உடம்பைத் தூக்கி நடக்க ஆகும் செலவு 78 கிலோ உடம்புக்கு ஆகாது. எடை குறையக் குறைய செலவும் குறையும். அதோடு, பஞ்சம் வந்துடுச்சோன்னு நினைத்து உடம்பே சிக்கனத்தில் இறங்கிடும். பசியையும் கூட்டும்.

1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், 36 ஆரோக்கியமான இளைஞர்களின் உணவை ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய பாதியாக்கிக் கவனித்தார். அவர்கள் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தியும் வெகுவாகக் குறைந்தது. எப்போதும் குளிர், சோர்வு, எரிச்சல். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தவர்களும் அதில் உண்டு.

நல்ல மன உறுதி உள்ளவங்கன்னு பார்த்துத் தேர்ந்தெடுத்த இளைஞர்களுக்கே அந்த நிலை. ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு மிக்சர் டப்பா ஞாபகம் வருதுன்னா அது குணக்கேடு இல்லை. உடம்பு தன்னைக் காப்பாத்திக்கப் பாக்குது, அவ்வளவுதான். அதனால்தான் பட்டினி கிடந்து குறைக்காதீங்கன்னு சொல்றேன். ஒரு வருஷம் தாங்கும்படியான சாப்பாட்டு முறைதான் வேணும்.

*

மிஷின் காட்டாத பலன் என்ன?

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற நம்ம மக்களைச் சேர்த்து மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 100க்கு 39 பேருக்கு.

இதில் முக்கியமான விஷயம், அந்த இரண்டாவது குழுவினரின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. மிஷினை மட்டும் பார்த்திருந்தால் "மூணு வருஷம் வீணாப் போச்சு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனால் அவர்களில் பலரைச் சர்க்கரை நோயிலிருந்து தடுத்தது அந்த நடையும் சாப்பாட்டு மாற்றமும்தான்.

அமெரிக்காவில் 2002ல் வெளியான இதே மாதிரியான பெரிய ஆய்வில், சராசரி எடைக் குறைவு வெறும் 5.6 கிலோ. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்ததோ 58 சதவீதம்.

முழங்கால் தேய்மானம் உள்ளவங்களுக்கு ஒரு கணக்கு. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மூட்டு தாங்கும் சுமையில் சுமார் 4 கிலோ குறையுது. நீங்க "மூணே மூணு கிலோதானா"ன்னு சலிச்சுக்கறீங்க. உங்க மூட்டுக்கு அது ஒவ்வொரு அடிக்கும் 12 கிலோ.

*

அப்போ எதைத்தான் அளக்கணும்?

1. எடை: வாரம் ஒரு முறை போதும். ஒரே கிழமை, காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே மிஷினில். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீங்க. இந்த மாசத்தைப் போன மாசத்தோடு ஒப்பிடுங்க. மாதவிடாய் நெருங்கும் நாட்களில் உடம்பு நீர் பிடிக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

2. இடுப்புச் சுற்றளவு: மாசம் ஒரு முறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப் வைத்துப் பாருங்க. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை நின்ன இடத்திலேயே நிக்கும்போதும் இது குறையலாம்.

3. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு: உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். அதையும் நோட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்க.

4. மாடிப்படி: மூச்சு வாங்காம எத்தனை படி? போன மாசம் எத்தனை? இதுக்கு மிஷினே வேண்டாம்.

*

சரி டாக்டர், எடையும் குறையல, இடுப்பும் குறையல, ரெண்டு மாசம் ஆச்சுன்னா?

அப்போ உங்களைத் திட்டிக்காம, கணக்கைத் திரும்பப் பாருங்க.

டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சீனி, அது 40 கலோரி. நாலு டீக்கு 160. பாலும் கூட வரும் பிஸ்கட்டும் தனி.

எண்ணெய். ஒரு கிராமுக்கு 9 கலோரி. சோறைக் குறைச்சுட்டுப் பொரியலில் எண்ணெயைக் கூட்டியிருந்தால் கணக்கு சமமாகிடும். வீட்டில் மாசம் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்கறீங்கன்னு பாருங்க.

புரதம். சோறு குறைந்த இடத்தில் முட்டை, மீன், சுண்டல், பயறு, தயிர் வரணும். வெறும் ரசம் குடிச்சுட்டுப் படுத்தால் கொழுப்போடு தசையும் கரையும், ராத்திரி பசியும் எடுக்கும்.

நடையோடு தசைக்கும் வேலை கொடுங்க. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்து பத்தாக மூன்று முறை. இதுக்கு ஜிம் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவங்க மருத்துவரிடம் கேட்டுட்டு ஆரம்பிங்க.

மாத்திரைகள். சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் எடையைக் கூட்டலாம். தைராய்டு குறைபாடும் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் கேளுங்க. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீர்னு குறைத்தால் லோ சுகர் ஆகலாம், அளவை மாற்ற வேண்டி வரும். சொல்லிட்டுச் செய்யுங்க. அடுத்தது, முயற்சி எதுவும் செய்யாமலே எடை மளமளன்னு இறங்கினால் சந்தோஷப்படாதீங்க, உடனே பரிசோதனைக்கு வாங்க. சர்க்கரை, காசநோய், தைராய்டு, புற்றுநோய் என்று பார்க்க வேண்டிய பட்டியல் எங்களுக்கு இருக்கு.

*

கடைசியாக, எடை குறைக்க முயற்சி செய்பவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும், என்னைப் போன்ற மருத்துவர்களுக்கும்.

விசேஷ வீட்டில் பார்த்ததும் "டயட்னு சொன்னே, ஒண்ணும் தெரியலையே?"ன்னு கேட்காதீங்க. அந்த ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் போய் மறுநாளே எல்லாத்தையும் விட்டவங்க உண்டு. கேட்கணும்னா "எப்படிப் போகுது? நானும் கூட நடக்க வரட்டுமா?"ன்னு கேளுங்க.

மருத்துவ நண்பர்களே, ஓபியில் ஒரு நோயாளிக்கு நமக்குக் கிடைப்பது ரெண்டு நிமிஷம். கூட்டம் எப்படின்னு எனக்கும் தெரியும். அந்த ரெண்டு நிமிஷத்தில் முதல் வார்த்தை, குறைஞ்சதைப் பற்றியதா இருக்கட்டும். "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கும்மா"ன்னு சொல்ல அஞ்சு நொடிதான் ஆகும். எனக்கு அந்த அஞ்சு நொடி இல்லாமல் போன அன்னைக்கு என்ன ஆச்சுன்னு மேலே எழுதியிருக்கேன்.

அக்கா இப்பவும் ஓபிக்கு வர்றாங்க. எம்சிஆர் செருப்பு போட்டுக்கிட்டு, நோட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டு. இன்சுலின் ஆரம்பித்தபோது "இப்போ எடை கொஞ்சம் ஏறும்மா, பயப்படாதீங்க"ன்னு முன்கூட்டியே சொன்னேன். 79 வரை ஏறிச்சு. போன முறை வந்தப்போ 78. ஹெச்பிஏ1சி 7.2.

"ஒரு கிலோதான் சார் குறைஞ்சிருக்கு"ன்னு தயங்கித் தயங்கிச் சொன்னாங்க.

"சர்க்கரையைப் பாருங்கம்மா, நல்லா வந்திருக்கு. இப்படியே போங்க"ன்னு சொன்னேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்றேன். இப்படியே போங்க.



அரசு மருத்துவமனை மருத்துவர்