டிக்கெட்டுக்கு முன் தண்ணீர்

கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்த நாள், 1955 ஜூலை 17. வெயில் சுமார் 100 டிகிரி. புதிதாகப் போட்ட தார் இளகி, சீமாட்டிகளின் குதி உயர்ந்த செருப்புகள் அதில் புதைந்தனவாம்! குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால், கழிப்பிடம், குடிநீர்க் குழாய் இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடிந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பிடத்தைத் தேர்ந்தெடுத்தார். யோசித்தால் நியாயம்தான். தாகத்தில் தவித்தவர்களோ, 'சோடா விற்கச் செய்த தந்திரம்!' என்று பொருமினார்கள்.

நாமும் இத்தகைய பூங்காக்களுக்குக் கோடை விடுமுறையில்தானே கிளம்புகிறோம்? ராட்டினத்தைக் கண்ட குழந்தைக்குத் தாகம் தெரியாது. முகம் சிவந்து, சிணுங்கிச் சுருண்ட பிறகுதான் நமக்குத் தெரியும். ஆகவே, சகோதரிகளே, வாசலில் டிக்கெட் விலையைக் கேட்குமுன், "குடிதண்ணீர் எங்கே?" என்று கேளுங்கள். குழந்தை கேட்காவிட்டாலும் அடிக்கடி கொடுங்கள். உச்சி வேளையில் நிழலில் உட்காருங்கள். எல்லோருக்கும் கொடுத்த பிறகு, பையைச் சுமந்து வரும் நீங்களும் ஒரு வாய் குடியுங்கள்!