ஒரிஜினல் பைத்தியம்

பழைய பேஸ் கிதார் ஆம்ப்ளிஃபயர் தேடி அலைகிற அமெரிக்கர்கள் சிலருக்கு ஒரு வியாதி உண்டு. 'எல்லாமே ஒரிஜினல், யாரும் கை வைக்கலை' என்று விற்பவன் சொன்னால் போதும், விலையைக் கூட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆம்பெக் பி-15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்தது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வாசித்து முடித்ததும் வால்வு ஆம்ப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே மூடிவிடலாம். மோட்டவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடமும் ஒன்று இருந்தது. அழகான சமாசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைடிக் கண்டென்சர்களுக்கும் அறுபது வயசு. ஈரம் காய்ந்துபோய் ஆம்ப் 'ம்ம்ம்' என்று முனகும். ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். மாற்றினால் ஒரிஜினாலிட்டி போச்சாம். ஏன் சார், 1965 மாடல் கார் வாங்கினால் அதே டயரிலா ஓட்டுவீர்கள்?

பவர் கார்டு இன்னும் மோசம். அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. கரண்ட் லைனுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கண்டென்சர். அது ஷார்ட் ஆனால் சேஸிஸ், கிதார் கம்பி, உங்கள் விரல் எல்லாம் ஒரே சர்க்யூட். மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'டெத் கேப்'. 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீயில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி.

இன்னொரு கோஷ்டி நேர் எதிர். கிழியாத ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டும். பெட்டியின் குரலே அந்தக் காகிதக் கூம்பில்தானய்யா இருக்கிறது!

நீங்களாகத் திறக்காதீர்கள், ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து கண்டென்சரையும் பவர் கார்டையும் மாற்றுங்கள், மூன்று பின்னாக. கழற்றிய பழசையெல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள், ஒரிஜினல் கேட்டு வருகிறவருக்குக் கொடுக்க.