பங்க்கில் நீட்டும் குட்டி பாட்டில்: பைக்குக்கு மருந்தா, தண்டச் செலவா?

பெட்ரோல் போடும்போதே, "சார், இன்ஜின் கிளீனர் ஊத்தட்டுமா? மைலேஜ் ஏறும்" என்பார்கள். தலையாட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

பாலிஈதர் அமீன் கலந்த கிளீனர், இன்ஜெக்டரிலும் இன்டேக் வால்விலும் படிந்த கசடைக் கரைக்கும். அது நிஜம்தான். ஆனால், அடைத்துப்போன ஏர் ஃபில்டரை அதனால் தொடக்கூட முடியாது. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், காற்று குறைந்த டயரும் அப்படித்தான். மைலேஜ் விழுந்தால் முதலில் பார்க்கவேண்டியது இந்த மூன்றையும்தான். அந்த பாட்டில் காசில் புது பிளக்கே வாங்கிவிடலாம்! 100 சிசி பைக்குக்கு ஆக்டேன் பூஸ்டர் என்பதோ சுத்த வேஸ்ட்.

இன்னொன்று, மழைக்காலம். 20% எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமாக இறங்கினால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்க் அடியில் தங்கிவிடும். வண்டி திணறி நிற்கும். அப்போது பாட்டிலைத் தேடாதீர்கள். மெக்கானிக்கிடம் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.