முதியோரின் ஆரோக்கியமும் ஓர் அமானிதமே

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் காய்ச்சலும் இருமலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது வழக்கம். இளைஞர்கள் கஷாயம் அருந்தி, சில நாள்களில் எழுந்துவிடுகின்றனர். அது இன்ஃபுளுயன்சாவாக இருந்து, 65 வயதைக் கடந்த தாய்க்கோ, சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ள தந்தைக்கோ தொற்றினால், நிமோனியாவாக முற்றி உயிரையே பறிக்கக்கூடும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் ஆஸ்துமா நோயாளிகளும் இதே ஆபத்தில் உள்ளவர்கள்தாம். இந்நோய் தொடர்பான சுவாசக் கோளாறுகளால் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இதற்குத் தடுப்பூசி உண்டு. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அது நோயை முற்றிலும் தடுத்துவிடாது. எனினும் நோய் கடுமையாவதைப் பெரிதும் குறைக்கும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், ஊசி எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். நாட்டம் அவனுடையதே, ஐயமில்லை. ஆனால், ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை மறுபேச்சின்றிப் போட்டுக்கொள்கிறோமே! விசாவுக்காகப் போடும்போது குறையாத தவக்குல், பெற்றோருக்காகப் போடும்போது மட்டும் குறைந்துவிடுமா?

ஹலாலா என்ற கேள்வி நியாயமானது. மூக்கில் தெளிக்கும் சில வகை மருந்துகளில் பன்றி ஜெலட்டின் சேர்க்கப்படுவதுண்டு; ஊசியாகப் போடப்படுபவற்றில் பொதுவாக அது இல்லை. மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது எளிது. கேட்காமலேயே தவிர்ப்பது பேணுதல் ஆகாது.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் முதியோருக்கான இவ்வூசி இடம்பெறவில்லை. ஆகவே இது பிள்ளைகளின் பொறுப்பாகிறது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகன், இதற்கும் சேர்த்து அனுப்பட்டும். பெற்றோருடன் வசிப்போரும் போட்டுக்கொள்வது நலம். நோய் அவர்களை வந்தடைவது பெரும்பாலும் நம் வழியாகத்தானே. வசதியற்ற முதியோருக்கு ஜமாஅத்தின் பைத்துல்மால் உதவலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, மருத்துவரின் மேற்பார்வையில் மஹல்லாவில் ஒரு முகாம் நடத்துவது இயலாத காரியமன்று.

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. அவர் நோயுறாதிருக்க முன்கூட்டியே முயல்வதும் அந்த அன்பின் பகுதியே. அல்லாஹ் நம் பெற்றோருக்கு நிறைவான ஆஃபியத்தை வழங்குவானாக. ஆமீன்.